தொட்டிக்குத்தான் போறேன்

அந்தப் பையை மட்டும் மிதிச்சிராத தாயி. பஸ்ஸு குலுங்குது, காலை இந்தப் பக்கம் வச்சுக்கோ. ஆமா, அப்படித்தான். ஒண்ணுமில்ல, கடலை மிட்டாய். நம்ம கோயில்பட்டி கடலை மிட்டாய்தான். ஆனா மதுரையோட நிக்காது, கடல் தாண்டிப் போகுது. பசிபிக் கடல் கேள்விப்பட்டிருக்கேல்ல? அதுக்கு நடுவுல லோமாருன்னு ஒரு தீவு. போன்ல தேடாத, பெரிசு பண்ணப் பண்ண நீலமாத்தான் வரும். நாலு பிளேன் மாறி, அப்புறம் படகு ஏறி, அங்க போறேன். காதுல மாட்டியிருக்கியே, அதைக் கழட்டிரு தாயி. நான் சத்தமாத்தான் பேசுவேன், ரெண்டும் சேர்ந்து கேட்டா ஒனக்குத் தலை வலிக்கும்.

என் பேரு செண்பகவல்லி. செண்பகம் டீச்சர்னா எங்க தெருவுல நாய்கூட வழி காட்டும். சயின்ஸ் டீச்சர். ரிட்டயர் ஆகிட்டேன். தீவுக்கு எதுக்குப் போறேன்னு கேட்க மாட்டியா? நீ கேட்காட்டியும் சொல்லுவேன். தொட்டிக்குத்தான் போறேன். மழைத்தண்ணித் தொட்டி. மேல கட்டுன கொசுவலை கிழிஞ்சு போச்சாம். கிழிஞ்ச வலையை அப்படியே விட முடியுமா? கொசு போகும், புழு வரும், பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வரும். அதான் கிளம்பிட்டேன்.

போன தடவை போனது வாலண்டியரா. ரிட்டயர் ஆனவுகளை வெளிநாட்டுக்குச் சேவைக்கு அனுப்புற ஒரு அமைப்பு இருக்கு. கேட்ட உடனே பேரைக் கொடுத்துட்டேன். அண்ணன் வீட்டுலதான் இருக்கேன் நான், கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் நடக்கல. அதை ஒரு குறையாச் சொல்லல, சும்மா தகவலுக்குச் சொல்றேன். மதினி கேட்டா, "இந்த வயசுல கடலைத் தாண்டிப் போயி யாருக்குத் தண்ணி ஊத்தப் போறீக?"ன்னு. கோயில்பட்டியில குடத்தைத் தூக்கிட்டுத் தெருத் தெருவா அலைஞ்சவ நான். தண்ணி அருமை எனக்குத் தெரியாட்டி யாருக்குத் தெரியும்?

சென்னையில பயிற்சி வச்சாக. ஒரு பொண்ணு, ஒன் வயசுதான் இருக்கும், சுவத்துல படம் காட்டி, "நிலைத்த வளர்ச்சி, நிலைத்த வளர்ச்சி"ன்னு சொன்னா. அப்படின்னா என்னம்மான்னு கேட்டேன். "நீங்க கிளம்பி வந்த பிறகும் அது அங்க நிக்கணும் மேடம். அவங்க உங்களைத் தேடக் கூடாது. தேடலைன்னா நீங்க ஜெயிச்சிட்டீங்க"ன்னா. தேடக் கூடாதாம்ல! எனக்கு அப்பவே அது பிடிக்கல. சரி, இருக்கட்டும்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டேன்.

போய் இறங்கின அன்னிக்கே விருந்து. ஊரே பாய் விரிச்சு உட்கார்ந்திருக்கு. தேங்காய்ப் பால்ல வேகவச்ச மீனு, வாசனை மூக்கைத் துளைக்குது. ஒரு அம்மா தட்டைக் கொண்டாந்து, "வேணுமா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டா. நான் நம்ம ஊரு வழக்கப்படி சந்தோஷமாத் தலையை ஆட்டுனேன். இந்தா, இப்படி, ரெண்டு பக்கமும். தட்டை எடுத்துட்டுப் போயிட்டா தாயி! அடுத்து இன்னொருத்தி கிழங்கு கொண்டாந்தா. ஆட்டுனேன். அவளும் போயிட்டா. பந்தியில உட்கார வச்சு இலையை உருவுன மாதிரி ஆயிப்போச்சு. என்ன ஊருடா இது, கேட்குறாக, சரிங்குறோம், கொண்டு போயிடுறாகன்னு பேசாம தண்ணியைக் குடிச்சேன். அந்தத் தண்ணியும் உப்பு.

மறுநாள் காலையில ஒரு கிழவி தேங்காயெண்ணெயோட வந்து என் கழுத்தைப் பிடிச்சு நீவி விட ஆரம்பிச்சா. விருந்தாளியை இப்படித்தான் உபசரிப்பாக போலன்னு நானும் வாகாக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் வந்தா. சுகமாத்தான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் முதல் கூட்டம். அங்கதான் அவரைப் பாத்தேன். எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஊர்க்கமிட்டி ஒரு ஆளைப் போட்டிருந்தாக. படகு ஓட்டுறவரு, கமிட்டிக்கும் அவர்தான் செயலாளரு. நல்ல உயரம், நரைச்ச முடி. பேரு என்ன தெரியுமா? தெவிட்டா! சத்தியமாத்தான் சொல்றேன். நம்ம ஊருல டேவிட்டுன்னு சொல்றோம்ல, அதை அவுக அப்படிச் சொல்றாக. எனக்குச் சிரிப்புத் தாங்கல. எங்க மொழியில ஒங்க பேருக்கு, எவ்வளவு சாப்பிட்டாலும் திகட்டாதுன்னு அர்த்தம்னு சொன்னேன். அவரும் சிரிச்சாரு. சிரிக்கும்போது ஒரு பல்லு மட்டும் கொஞ்சம் கோணலா... அது எதுக்கு இப்ப. தொட்டிக்கு வருவோம்.

கூட்டத்துல நான் எழுந்து பேசுனேன். அங்க கிணத்துத் தண்ணியெல்லாம் உப்பாயிட்டு வருது, கடல் உள்ள வருது. கூரையில விழுற மழையைத் தகரத் தூம்பு வச்சுத் தொட்டியில இறக்கணும். முதல் மழைத் தண்ணியைத் தொட்டிக்குள்ள விடக் கூடாது, கூரை அழுக்கெல்லாம் அதுலதான் வரும், அதை வெளிய தள்ளிரணும். எல்லாத்தையும் விலாவாரியாச் சொல்லிட்டு, "புரியுதா?"ன்னு கேட்டேன். சொன்னா நம்ப மாட்ட தாயி. ஊரே சேர்ந்து என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குச்சு. ஆளு ஆளா, கிழவன் கிழவியிலிருந்து மடியில இருக்கிற பிள்ளை வரைக்கும்.

நம்ம ஊருல ஒருத்தர் புருவத்தைத் தூக்குனா என்ன அர்த்தம்? "என்ன?"ன்னு அர்த்தம். "என்ன சொல்ற நீ?"ன்னு அர்த்தம். அடப்பாவமே, ஒண்ணும் விளங்கலையேன்னு மறுபடி முதல்ல இருந்து சொன்னேன். புரியுதா? புருவம். எனக்கு வேர்த்துப் போச்சு. மூணாவது தடவை கரும்பலகையில படம் போட்டு, தொண்டை கிழியச் சொன்னேன். புரியுதா? அப்ப தெவிட்டா திரும்பி அவுக பாஷையில ரெண்டே வார்த்தை சொன்னாரு. ஊரே "எஸ்!"ன்னு கத்துச்சு. எனக்குப் பெருமை பிடிபடல. மூணு தடவை சொன்னா எந்த மண்டையிலயும் ஏறிரும்னு எங்க பள்ளிக்கூடத்துலயே சொல்லுவேன், சரியாப் போச்சு பாத்தியா.

அன்னையிலிருந்து எல்லாமே மூணு தடவைதான். தூம்பு மாட்டுறது மூணு தடவை, வலை கட்டுறது மூணு தடவை. நான் அரை மணி நேரம் பேசுவேன், அவரு ரெண்டு வார்த்தையில முடிச்சிருவாரு, ஊரு எஸ்ஸுன்னு கத்தும். அவுக பாஷை அவ்வளவு சுருக்கமான பாஷைன்னு நினைச்சுக்கிட்டேன். எவ்வளவு அழகான பாஷைன்னு வீட்டுக்குக்கூடப் போன் போட்டுச் சொன்னேன்.

சாத்தூர் வந்துருச்சா? வெள்ளரிக்கா வாங்குவோமா? ஏப்பா, இங்க ரெண்டு கட்டு கொடு. பிஞ்சாப் பாத்துக் கொடு. இந்தா தாயி, சாப்பிடு. எடுத்துக்கோங்குறேன்ல. பாத்தியா, நீயும் தலையைத்தான் ஆட்டுற! நல்லவேளை, நான் லோமாருக்காரி இல்ல.

எதுல விட்டேன்? ஆங். சாப்பாடு. எனக்குச் சாப்பாடு எப்படிக் கிடைச்சதுன்னா, தெவிட்டா புண்ணியத்துலதான். அவரு கேட்கவே மாட்டாரு. மத்தவுக கேட்பாக, நான் தலையை ஆட்டுவேன், தட்டுப் போயிரும். அவரு மட்டும் தூரத்துல இருந்து பார்த்துக்கிட்டே இருப்பாரு. பிறகு எழுந்து வந்து ரெண்டு துண்டு மீனை என் தட்டுல வச்சுட்டுப் போயிருவாரு. நடுத்துண்டு. எங்க வீட்டுல எனக்கு நடுத்துண்டு யாரு வச்சா? வாலுதான் வரும். சம்சாரம் தவறி ரொம்ப வருஷமாச்சாம் அவருக்கு. அது எனக்கு எப்படித் தெரியும்ங்கிறியா? கமிட்டியில இருக்கவுக குடும்ப விவரமெல்லாம் வாலண்டியர் தெரிஞ்சு வச்சிருக்கணும். அதாவது, வச்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல. நானாத்தான் கேட்டேன்.

அப்புறம் மழை வந்துச்சு. தாயி, நீ அதைப் பார்த்திருக்கணும்! வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. "முதல் தண்ணி வேண்டாம், முதல் தண்ணி வேண்டாம்"னு நான் குடையை வீசிட்டு வீடு வீடா ஓடுறேன். போய்ப் பார்த்தா எல்லா வீட்டுலயும் முதல் தண்ணியை அழகா வெளிய விட்டுட்டாக. அப்புறம் தூம்பைத் திருப்புனாக பாரு, தொட்டிக்குள்ள அந்தத் தண்ணி விழுற சத்தம்! ஊரே தெருவுல ஆடுது. நானும் ஆடுனேன். ஆமா தாயி, செண்பகம் டீச்சர் ஆடுனா. சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, சேத்துல, வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஆடுனேன். சின்ன வயசுல ஆடாத ஆட்டமெல்லாம் சேர்த்து ஆடுனேன். தொட்டி நிறைஞ்சதும் முதல் டம்ளர் தண்ணியைத் தெவிட்டாதான் மோந்து என் கையில கொடுத்தாரு. அப்படி ஒரு இனிப்பு. நான் அவரு பேரைச் சொன்னேன், தண்ணியைத்தான் சொல்றேன்னு அவரு நினைச்சிருப்பாரு. நானும் தண்ணியைத்தான் சொன்னேன்.

எட்டு மாசம் ஓடிப்போச்சு. கிளம்புற நாளு. இப்பதான் என் வயித்தெரிச்சலே வருது, கேட்டுக்கோ.

படகுத்துறையில நிக்கிறோம். அன்னிக்கு எனக்குக் கண்ணு கொஞ்சம் கரிச்சுச்சு. வெயிலுதான், வேற என்ன. எங்க அண்ணன் மகன் வாங்கிக் கொடுத்த கூலிங் கிளாஸை மாட்டிக்கிட்டேன். தெவிட்டா பக்கத்துல வந்தாரு. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, "இருக்கீங்களா?"ன்னு கேட்டாரு. "இங்கேயே இருக்கீங்களா?"ன்னாரு.

தாயி, என்னை வாழ்க்கையில யாரும் அப்படிக் கேட்டதில்ல. இதைச் செய்யி, அதைப் பார்த்துக்கோ, போகும்போது கதவைப் பூட்டிட்டுப் போம்பாக. இருக்கியான்னு ஒரு மனுஷன் கேட்டதே இல்ல. தலையை ஆட்டுனேன். எப்படி ஆட்டுனேன்! கழுத்து சுளுக்குற மாதிரி ஆட்டுனேன். அந்த மனுஷன் என்ன செஞ்சாரு தெரியுமா? ஒரு நிமிஷம் என்னையே பார்த்துட்டு, குனிஞ்சு என் பெட்டியைத் தூக்கிப் படகுல வச்சிட்டாரு!

இருக்கேங்கிறேன், பெட்டியைத் தூக்கிப் படகுல வைக்கிறாரு! இதுக்கு என்னத்துக்குக் கேட்கணும்? சும்மா மரியாதைக்குக் கேட்டிருக்காரு, நான் ஒரு கிறுக்கி தலையை ஆட்டியிருக்கேன்னு ஒரே அவமானம். படகுல போய் உட்கார்ந்துட்டேன். ஆனாலும் மனசு கேட்கல. படகு நகரும்போது எட்டி, "நான் திரும்பி வரட்டுமா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டுட்டு ஒடனே, "தொட்டியைப் பார்க்க"ன்னும் சேர்த்துக்கிட்டேன். அவரு அங்க நின்னு என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குனாரு. நல்லாத் தூக்குனாரு. "என்னது?"ங்கிறாரு!

ஊருக்கெல்லாம் மூணு தடவை சொன்னவ தாயி நான். தூம்புக்கு மூணு தடவை, கொசுவுக்கு மூணு தடவை சொன்னவளுக்கு, இதை மட்டும் ரெண்டாவது தடவை சொல்ல வாய் வரல. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ன்னு கையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

வந்து ஒரு வருஷம் எரிஞ்சுக்கிட்டே கிடந்தேன். மதினிகிட்ட வள்ளுவள்ளுன்னு விழுந்தேன். வீட்டுல மீன் குழம்பு வச்சா எனக்கு இறங்காது. அந்த அமைப்புல இருந்து போன் பண்ணி, "உங்க தீவுலதான் மேடம் எல்லாத் தொட்டியும் நல்லா இருக்கு, யாரையும் அனுப்பத் தேவையே இல்ல, பெரிய வெற்றி"ன்னு சொன்னாக. வெற்றியாம், வெற்றி.

என்ன? தொட்டி நல்லா இருக்குன்னா வலை எப்படிக் கிழிஞ்சதுங்கிறியா? நீ நல்ல விவரமான பிள்ளைதான். வலைன்னா கிழியாம இருக்குமா? இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குக் கிழியும். முன்கூட்டிப் போறதுல என்ன தப்பு? கதையைக் கேளு.

போன மாசம் தீவுல இருந்து ஒரு வீடியோ கால் வந்துச்சு. மெலேன்னு அங்க ஒரு நர்ஸு இருக்கா, நல்ல பிள்ளை. முகம் தெரியுது, சத்தம் வரல. நான் அடுப்படியில நின்னுக்கிட்டு, "நல்லா இருக்கியா?"ன்னேன். புருவத்தைத் தூக்குறா. சத்தமா, "நல்லா இருக்கியா?"ன்னேன். தூக்குறா. தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி மூணாவது தடவை கத்துனேன். அவ ஒரு விரலை எடுத்துத் தன் புருவத்தைத் தொட்டுக் காட்டுறா, புருவத்தைத் தூக்குறா, உடனே கட்டை விரலைத் தூக்கிக் காட்டுறா. எனக்குப் புரியல. மறுபடி காட்டுனா. புருவம், கட்டை விரலு. மூணாவது தடவையும் காட்டுனா தாயி. மூணாவது தடவைதான் என் மண்டையில ஏறுச்சு.

ஆமா! ஆமாங்கிறா! புருவத்தைத் தூக்குனா அந்த ஊருல "ஆமா"ன்னு அர்த்தம்!

அடுப்புல எண்ணெய் காயுது, கடுகு கருகுது, நான் நட்டமா நிக்கிறேன். முதல் கூட்டத்துல இருந்து ஒவ்வொரு புருவமா ஞாபகம் வருது. நான் பேசுன இங்கிலீஷு முதல் தடவையே அத்தனை பேருக்கும் புரிஞ்சிருக்கு! புரிஞ்சவுகளைத்தான் உட்கார வச்சு நான் படம் போட்டிருக்கேன்! தெவிட்டா சொன்ன அந்த ரெண்டு வார்த்தை என்னன்னு பிறகு மெலேகிட்ட கேட்டேன். "வாயால சொல்லுங்க" - அவ்வளவுதானாம். ஆனா ஒண்ணு தாயி, மூணு தடவை சொன்னதுனாலதான் தொட்டி இவ்வளவு சுத்தமா இருக்கு. அதையும் ஒத்துக்கணும்ல.

அப்படியே ஞாபகம் வந்து வந்து, கடைசியிலே படகுத்துறையில வந்து நின்னுச்சு. திரும்பி வரட்டுமான்னு கேட்டேன். அவரு புருவத்தைத் தூக்குனாரு. நல்லாத் தூக்குனாரு தாயி!

நான் அடுப்படியிலேயே ஒரு குதி குதிச்சேன். மதினி ஓடியாந்து, "என்ன, பல்லியா?"ங்கிறா.

அடுத்த நாளு போன்ல சத்தம் வந்துச்சு. மெலேகிட்ட, அவரு எதுக்கு என் பெட்டியைத் தூக்கிப் படகுல வச்சாருன்னு கேட்டேன். "நீங்கதான மேடம் மாட்டேன்னு தலையை ஆட்டுனீங்க?"ங்கிறா. நம்ம சரிங்கிற ஆட்டு, அவுகளுக்கு மாட்டேங்கிற ஆட்டாம். ஆட்டுற ஆட்டுல கழுத்துல ஏதோ நோவுன்னுதான் கிழவி எண்ணெய் போட்டுருக்கா. தெவிட்டா மட்டும், "அவங்க கழுத்தைப் பார்க்காதீங்க, கண்ணைப் பாருங்க"ன்னு எல்லாருகிட்டயும் சொல்லுவாராம். கண்ணைப் பாத்துத்தான் மீன் வச்சிருக்காரு. பாவி, அன்னிக்குப் பாத்து நான் கூலிங் கிளாஸை மாட்டியிருக்கேன்!

இப்ப எப்படி இருக்காருன்னு கேட்டேன். சும்மாதான் கேட்டேன். சாமான் கப்பல் பக்கத்துத் தீவுக்கு வர்ற அன்னிக்கெல்லாம் சலவைச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் படகை எடுத்துட்டுப் போவாராம். கேட்டா, "தொட்டிக்கு வலை வரும், வாங்கப் போறேன்"ம்பாராம். ஒரு வருஷமாவா வலை வருது? நீயே சொல்லு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

நான் வர்றது அவருக்குத் தெரியாது. மெலேகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். ஒரு வருஷம் ஆச்சுல்ல, மனசு மாறியிருந்தா? பக்கத்துத் தீவுல படகுக்காகப் போய் நின்னு, அவரு என்னைப் பார்த்துட்டு வேற பக்கம் திரும்பிட்டா? நேத்து ராத்திரி வரைக்கும் பெட்டியைக் கட்டுறதும் பிரிக்கிறதுமா இருந்தேன். அண்ணன், "போனா அங்கேயே கிட"ன்னுட்டாரு. கோவத்துல சொன்னாரு. எனக்கு அது ஆசீர்வாதம் மாதிரிக் கேட்டுச்சு. சிரிச்சுட்டேன்.

ஒரே ஒரு பயம்தான் தாயி. என் கழுத்து. கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பார்த்தேன். இருக்கீங்களான்னு நானே கேட்டுக்கிட்டுப் புருவத்தைத் தூக்குனா, கூடவே தலையும் ஆடுது. ஆமாவும் மாட்டேனும் சேர்ந்து வந்தா அந்த மனுஷன் என்னத்தை எடுத்துக்கிறது? கழுத்துக்குத் துண்டைச் சுத்திக்கிட்டுக்கூடப் பழகினேன். மதினி, சளி பிடிச்சிருக்கான்னு கஷாயம் வச்சுக் கொடுத்தா. பாவம், நல்லவதான் அவ.

இந்த மஞ்சப் பையில இருக்கிற மிட்டாய் ஊருக்கு. இந்தச் சின்ன டப்பா தனி. அது நெய் போட்டுச் செய்யச் சொன்னது. கமிட்டிச் செயலாளருக்கு. செயலாளருக்குன்னு தனியாக் கொடுக்கிறது மரியாதைதான. கூலிங் கிளாஸைப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன்.

யோவ் கண்டக்டரே, என்னையா கூப்பிட்டீக? பாத்தியா தாயி, "ஏர்போர்ட் விலக்கு நீங்கதானம்மா?"ன்னு கேட்டாரு, நான் புருவத்தைத் தூக்குனேன், "என்ன என்னங்கிறீங்க, எறங்குறீங்களா இல்லையா?"ன்னு கத்துறாரு! ஐயையோ, சிரிக்க வைக்காத, வயிறு வலிக்குது. எறங்குறேன்யா, எறங்குறேன்! மூணு தடவை சொல்லணுமா ஒங்களுக்கு?

அந்தப் பையை எடுத்துக் கொடு தாயி. மிட்டாய் ஒண்ணு எடுத்துக்கோ. இந்தப் பையில எடு, டப்பாவுல கை வைக்காத. நல்லாப் படி. போயிட்டு வரேன்.

என்ன கேட்ட? சத்தமாக் கேளு, ஹாரன் அடிக்கிறான். அங்கேயே இருந்துருவீகளான்னா?

...

என்ன தாயி, அப்படியே முழிக்கிற? நான்தான் பதில் சொல்லிட்டேனே. தலை ஆடலேல்ல?